பழைய லேப்டாப்பில் ஒரு வீட்டு சர்வர்: வெப், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் மூன்றையும் சேர்த்துக் கற்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு பழைய லேப்டாப் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையின் கீல் உடைந்துவிட்டது. கீபோர்டில் நாலைந்து பட்டன்கள் வேலை செய்யாது. வெப் புரோகிராமிங், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்கிங் மூன்றிலும் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை அதில்தான் கற்றேன். தொழிலுக்காக இல்லை, ஆசைக்காக. வேலை முடிந்த இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்.

இந்த மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்த காலத்தில் எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி எண்டர் அழுத்தினால், அந்தக் கோரிக்கை ரவுட்டர் வழியாகப் போய் ஒரு கெர்னலின், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியின், கையில் விழுகிறது. கெர்னல் ஒரு புரோகிராமை எழுப்புகிறது. புரோகிராம் எழுதிய பதில் வந்த வழியே திரும்புகிறது. இது ஒரே பயணம். அதன் இரண்டு முனைகளும் நம் வீட்டிலேயே இருந்தால், வழியில் எந்த இடத்திலும் நிறுத்தி எட்டிப் பார்க்கலாம். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வரில் அது பாதிதான் முடியும், ரவுட்டர் அங்கே நம் கையில் இருக்காது.

கொஞ்சம் பைத்தான் தெரிந்து, ஒரு முறையாவது ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்ஸ்டால் செய்து பார்த்தவர் என்றால் இந்த வழிகாட்டி போதும். கமாண்டுகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் மெஷின்

64-பிட் பிராசசர், 2 ஜிபி ரேம். இதற்குமேல் எதுவும் அவசியமில்லை. 2010-க்குப் பிறகு வந்த லேப்டாப்கள் அநேகமாக எல்லாமே இதற்குள் வந்துவிடும். 32-பிட் மட்டும் உள்ள மெஷின் வேண்டாம். நாம் நிறுவப்போகும் லினக்ஸ் வகை டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த அதன் 13-ஆம் பதிப்பில் அந்த வகைக்கு இன்ஸ்டாலரே கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுங்கள். மெஷினுக்குள் செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பது என் கருத்து. வருடக்கணக்காகச் சுற்றிய டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

பேட்டரியைக் கட்டாயம் பாருங்கள். அடிப்பாகம் கொஞ்சம் உப்பியிருந்தாலும், டச்பேட் மேலே தூக்கி வந்திருந்தாலும் அதைக் கழற்றிவிட வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியை 24 மணி நேரமும் சார்ஜில் வைப்பது தீ விபத்தை அழைப்பதற்குச் சமம். நல்ல நிலையில் இருந்தால் அதுவே யுபிஎஸ். கரண்ட் போனாலும் சர்வர் ஓடும். ஆனால் ரவுட்டர் அணைந்துவிடும், அதற்கு ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் தனியாக வேண்டும்.

கரண்ட் பில் பற்றி வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். திரை அணைந்து சும்மா இருக்கும் லேப்டாப் 12 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 8.64 யூனிட். தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் சுமார் 17 யூனிட் கூடும்.

இன்னொரு வேலையும் உண்டு. உலகின் முதல் வெப் சர்வர், செர்ன் ஆய்வகத்தில், வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசையில் இருந்த ஒரு நெக்ஸ்ட் கணினி. அதன் மேல், இது சர்வர், அணைக்காதீர்கள் என்று கையால் எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். நீங்களும் ஒட்டுங்கள். வீட்டில் யாராவது பெருக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

டெபியன் இன்ஸ்டால் செய்தல்

நான் டெபியனைச் சொல்வதற்குக் காரணம், 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அது எந்த நிறுவனத்தின் சொத்தாகவும் ஆகவில்லை என்பது. அதைவிட முக்கியம், நிறுவிவிட்டால் அது நம்மைத் தொந்தரவு செய்யாது. நெட்இன்ஸ்ட் என்ற சிறிய இமேஜை இறக்கி ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் டெபியன் 12-இலிருந்து இன்ஸ்டாலரிலேயே வருகிறது. இருந்தாலும் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். சர்வருக்குக் கேபிள்தான் சரி.

இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளில் இரண்டில் மட்டும் நிதானம் வேண்டும். ரூட் (நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும்போது காலியாக விட்டுவிடுங்கள். அப்போதுதான் உங்கள் பயனர் கணக்குக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகக் கமாண்டுகளை ஓட்டும் உரிமை, தானாக வரும். அப்புறம், எந்த மென்பொருள்கள் வேண்டும் என்ற பட்டியலில் டெஸ்க்டாப் தொடர்பான எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வர உதவுவது), அடிப்படைக் கருவிகள் இரண்டை மட்டும் விடுங்கள். கறுப்புத் திரையில் ஒரு லாகின் வரி மட்டும் நிற்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

லேப்டாப் மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் என்பது அடுத்த சிக்கல். ஈடிசி ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி, அதற்குள் லாகின்டி டாட் கான்ஃப் என்ற ஃபைலில், ஹேண்டில் லிட் சுவிட்ச் என்று தொடங்கும் வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டு, மதிப்பை இக்னோர் என மாற்றி, ஒரு முறை ரீபூட் செய்யுங்கள்.

முகவரி

சர்வரில் "ஐபி ஏ" என்று தட்டுங்கள். 192.168 என்று தொடங்கும் ஓர் எண் தெரியும், நெட்வொர்க்கில் சர்வரின் ஐபி முகவரி அது. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம், இந்த வரிசையையும் 10 என்று தொடங்குவதையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளதையும் வீட்டு, அலுவலக உள்பயன்பாட்டுக்கு ஒதுக்கியது. உங்கள் பக்கத்து வீட்டு லேப்டாப்பிலும் இதே எண் இருக்கலாம், மோதல் வராது. வெளி இணையத்தில் இவை செல்லாது.

இந்த எண்ணை ரவுட்டர்தான் கொடுக்கிறது, நாளைக்கு வேறு ஒன்றைக் கொடுக்கலாம். அதனால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தைத் தேடி, சர்வரின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) ஓர் எண்ணை நிலையாக ஒதுக்குங்கள். இனி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்க்கலாம். உங்கள் அன்றாடக் கணினியிலிருந்து அந்த எண்ணுக்கு பிங் செய்யுங்கள். மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய கருவி இது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயர்க் காரணம். பிங் செய்ததும் சர்வரில் "ஐபி நெய்" என்று தட்டினால், அருகில் உள்ள கணினிகளின் ஐபி எண்ணும் மேக் முகவரியும் ஜோடியாகத் தெரியும். கேபிளில் ஓடும் தகவலுக்கு ஐபி எண் போதாது, மேக் முகவரி வேண்டும். அதனால் உங்கள் கணினி முதலில், "192.168.1.20 யார்?" என்று வீடு முழுவதற்கும் கேட்கும்படி ஓர் அழைப்பு விட்டது. சர்வர் மட்டும் பதில் சொன்னது. தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான். ஏஆர்பி என்பது இவ்வளவுதான்.

எஸ்எஸ்எச்

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த தாது இலோனென் எழுதியது எஸ்எஸ்எச். லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்ததும் ஃபின்லாந்திலிருந்துதான், 1991-இல். இன்று நம் டிவி ஸ்டாண்டின் கீழ் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன.

உங்கள் கணினியில் எஸ்எஸ்எச் கீஜென் கொண்டு இடி25519 வகையில் ஒரு சாவி ஜோடி உருவாக்கி, பொதுச் சாவியை எஸ்எஸ்எச் காப்பி ஐடி மூலம் சர்வருக்கு அனுப்புங்கள். சாவி வேலை செய்வதை உறுதி செய்துகொண்டு, பாஸ்வேர்டு லாகினை நிறுத்துங்கள். அந்த மாற்றத்தைச் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல், இன்னொரு டெர்மினலில் லாகின் ஆகிறதா என்று சோதியுங்கள். நான் ஒரு முறை மூடிவிட்டு, எழுத்துப்பிழை ஒன்றுக்காக லேப்டாப்பை வெளியே இழுத்து, வேறு கீபோர்டு மாட்டி, நள்ளிரவில் சரிசெய்தேன்.

நாமே ஒரு வெப் சர்வர் எழுதுவோம்

பலரும் இந்த இடத்தில் நேராக என்ஜின்எக்ஸ் என்ற ஆயத்த வெப் சர்வரை நிறுவிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த வழிகாட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பைத்தானின் சாக்கெட் மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் என்பது நெட்வொர்க் இணைப்பின் ஒரு முனை. நாலே அழைப்புகள்: சாக்கெட் உருவாக்கு, பைண்ட் செய், லிசன், அக்செப்ட். பைண்ட் என்பது ஒரு முகவரியையும், கணினிக்குள் எந்தப் புரோகிராமுக்கு என்று பிரிக்கும் போர்ட் எண்ணையும் பிடித்துக்கொள்வது. 1024-க்குக் கீழ் உள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனருக்குக் கெர்னல் தராது, 80 கேட்டுப் பாருங்கள், அனுமதி இல்லை என்று வரும். 8000 வைத்துக்கொள்வோம். முகவரியில் 127.0.0.1 கொடுத்தால் அந்த லேப்டாப்பிலிருந்து மட்டும்தான் அணுக முடியும். 0.0.0.0 கொடுத்தால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் வரலாம். என் கணினியில் வருகிறது, போனில் வரவில்லையே என்று குழம்புகிறவர்களில் பலர் சறுக்குவது இந்த ஒரே வித்தியாசத்தில்தான். "எஸ்எஸ்", பிறகு கழித்தல் குறியோடு "டிஎல்என்" என்று தட்டினால், எந்தெந்த முகவரியில், எந்தெந்த போர்ட்டில் கணினி காத்திருக்கிறது என்று காட்டும். சந்தேகம் வரும்போதெல்லாம் முதலில் இதைப் பாருங்கள்.

இப்போது புரோகிராமை "எஸ்டிரேஸ்" வழியாக ஓட்டுங்கள். உங்கள் பைத்தான் வரிகளுக்கு அடியில் கெர்னலிடம் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் திரையில் ஓடும். கடைசியில் அக்செப்ட் என்ற வரி அடைப்புக்குறிகூட மூடாமல் பாதியில் நிற்கும். திரை உறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கெர்னல் உங்கள் புரோகிராமைத் தூங்க வைத்துவிட்டு, யாராவது கதவைத் தட்டட்டும் என்று காத்திருக்கிறது. போனில் அந்த முகவரியைத் திறந்த கணமே வரி முழுமையாகி, அதற்குப் பதிலாக 4 என்ற எண் வரும். ஏன் 4? உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி ஆகியவற்றுக்கு 0, 1, 2 முன்பே போய்விட்டன. நீங்கள் உருவாக்கிய சாக்கெட் 3. வந்தவருக்கான தனி இணைப்பு 4. லினக்ஸில் ஒரு திறந்த ஃபைலும் ஒரு நெட்வொர்க் இணைப்பும் இப்படி ஒரே மாதிரி எண்களாக நிற்பதைக் கண்ணால் பார்த்த அன்றுதான் எனக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற சொல்லின் பொருள் விளங்கியது.

வந்ததைப் படித்துப் பிரிண்ட் செய்யுங்கள். எச்டிடிபி கோரிக்கை வெறும் எழுத்து. முதல் வரியில் கெட் என்ற சொல், எந்தப் பக்கம் வேண்டும் என்பது, பதிப்பு. அடுத்தடுத்த வரிகளில் பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்கள். கடைசியில் ஒரு வெற்று வரி. அவ்வளவுதான். பதிலும் அதே வடிவம்: 200 என்ற நிலை எண் உள்ள வரி, தலைப்பு வரிகள், வெற்று வரி, பிறகு பக்கம்.

பதிலில் "தமிழ்" என்ற ஒரே சொல்லை அனுப்பிப் பாருங்கள். கன்டென்ட் லெங்த் என்ற தலைப்பு வரியில் நீளம் சொல்ல வேண்டும். எவ்வளவு? நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானின் லென் கேட்டால் 5 என்கிறது. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆனால் கம்பியில் போவது பைட்டுகள். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக, சரியான விடை 15. நான் முதலில் 5 என்று அனுப்பினேன். பிரவுசர் சொன்னபடி 5 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. த முழுதாக வந்தது, ம-வின் மூன்று பைட்டில் இரண்டுதான் வந்தன. திரையில் "த", பக்கத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு கறுப்புச் சாய்சதுரம். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பிழை என் கண்ணில் பட்டே இருக்காது, அங்கே எழுத்தும் பைட்டும் ஒரே எண்ணிக்கை. தமிழில் சோதிக்கிற பழக்கம் அன்று வந்தது.

இன்னொன்று: கன்டென்ட் டைப் வரியில் யுடிஎஃப்-8 என்று சொல்ல மறந்தால், சில பிரவுசர்கள் மேற்கத்திய எழுத்துமுறை என்று ஊகித்துவிடும். அப்போது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில "ஏ" திரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். காரணம், யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. அந்த "ஏ" வரிசையைப் பார்த்தால் பதற வேண்டாம், தகவல் கெடவில்லை, ஒரு தலைப்பு வரிதான் விடுபட்டிருக்கிறது.

புரோகிராமை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மறுக்கும். முடிந்த இணைப்பின் தாமதமான பாக்கெட் (தகவல் துண்டு) எதுவும் புதிய இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, கெர்னல் அதை ஒரு நிமிடம் நினைவில் வைத்திருக்கிறது. பைண்ட் செய்வதற்கு முன் ரீயூஸ் அட்ரஸ் என்ற விருப்பத்தை இயக்கினால் தீரும்.

கம்பியில் ஓடுவதைப் பார்த்தல்

ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை நிறுவி, சூடோவோடு, போர்ட் 8000-ஐ மட்டும் கவனிக்கச் சொல்லி ஓட விடுங்கள். போனில் பக்கத்தைத் திறந்தால் முதல் மூன்று வரிகளின் கொடி இடத்தில் எஸ், பிறகு எஸ் புள்ளி, பிறகு வெறும் புள்ளி. பேசலாமா, பேசலாம் நீங்கள் தயாரா, தயார். இணைப்பை நடத்தும் டிசிபி என்ற நெறிமுறையின் மூன்று படிக் கைகுலுக்கல் இதுதான். சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி திறந்தால், எஸ்-க்கு மறுமொழியாக ஆர் என்ற கொடி திரும்பி வரும். கெர்னல் கதவைச் சாத்துகிறது. லேப்டாப்பையே அணைத்துவிட்டு, உங்கள் அன்றாடக் கணினியில் போர்ட் கட்டுப்பாடு இல்லாமல் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தால் பதிலே இருக்காது, "192.168.1.20 யார்?" என்ற அந்த ஏஆர்பி அழைப்பு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். மறுக்கப்படுவதும் பதில் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு நோய்கள். முதலாவதில் கணினி இருக்கிறது, புரோகிராம் இல்லை. இரண்டாவதில் கணினியே இல்லை, அல்லது நடுவில் ஏதோ ஃபயர்வால் (வரும் தகவலை வடிகட்டும் தடுப்பு) விழுங்குகிறது. பாதிப் பிரச்சினைகளை நான் இந்த ஒரு கேள்வியில்தான் பிரிக்கிறேன்.

நிலையாக ஓட வைத்தல்

நம் சர்வர் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும். ஒருவர் இணைத்துவிட்டு எதுவும் அனுப்பாமல் இருந்தால் மற்ற எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சமாளிக்கவே எழுதப்பட்டது. யார் தயாராக இருக்கிறார்கள் என்று கெர்னலிடம் கேட்டு, தயாரானவரை மட்டும் கவனிக்கும். ஒரே அடுப்பில் பத்துப் பேருக்குத் தோசை வார்ப்பவர், ஒரு தோசை வேகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை அல்லவா, அப்படி.

இனி உங்கள் புரோகிராமை 127.0.0.1-க்கு மாற்றிவிடுங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் போர்ட் 80-இல் நின்று, வருவதை உள்ளே 8000-க்குக் கடத்தட்டும். லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி. புரோகிராமுக்கு ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைல் எழுதி, ரூட் அல்லாத தனிப் பயனரின் பெயரில் ஓடவும், விழுந்தால் தானாக எழவும் அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெஷினை ரீபூட் செய்து, எதையும் தொடாமல் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால்தான் அது சர்வர்.

வெளி உலகுக்குத் திறத்தல்

அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே ஓடட்டும். வெளியே திறந்த அன்றே, நீங்கள் நிறுவாத வேர்ட்பிரஸின் லாகின் பக்கத்தைக் கேட்டு முன்பின் தெரியாத ரோபோக்கள் வரத் தொடங்கும், சர்வரின் பதிவேடான லாகில் பார்க்கலாம். ஃபயர்வால் இயக்கிவிட்டு, அப்டேட்கள் தானாக வரும்படி செய்துவிட்டு, முக்கியமான ஃபைல்களின் பிரதி ஒன்றை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுத்தான் இந்தப் பகுதிக்கு வர வேண்டும்.

நான் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்புவது) செய்துவிட்டு இரண்டு வாரம் தவித்தேன். வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வரவில்லை. பிறகுதான் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இருந்த வெளி முகவரியைக் கவனித்தேன்: 100 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்கள், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்குவதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. சிஜிநேட் என்பார்கள். அந்த அடுக்குக்குள் இருந்தால் வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று அங்குள்ள கருவிக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் என்ன செய்தாலும் பயனில்லை. எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த எண்ணைப் பாருங்கள்.

வழி இருக்கிறது. இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய முகவரிமுறை வந்தால், உங்கள் லேப்டாப்புக்கே ஒரு பொது முகவரி கிடைக்கும். ரவுட்டர் ஃபயர்வாலில் அந்த முகவரிக்கு அனுமதி கொடுத்தால் போதும், ஆனால் ஐபிவி4 மட்டும் உள்ளவர்களால் வர முடியாது. நான் தேர்ந்தெடுத்தது வேறு: சிறிய விபிஎஸ் (பொது முகவரி உள்ள மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதற்கும் வீட்டு லேப்டாப்புக்கும் இடையே வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட சுரங்கம். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய இது 2020-இல் லினக்ஸ் கெர்னல் 5.6-இலேயே சேர்ந்துவிட்டது. இணைப்பை வீட்டிலிருந்து வெளியே தொடங்குவதால் சிஜிநேட் தடுக்காது. வீட்டுப் பக்க அமைப்பில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் என்பதற்கு 25 கொடுங்கள். 25 விநாடிக்கு ஒரு முறை சிறு பாக்கெட் போய்க்கொண்டிருந்தால்தான் நடுவில் உள்ள கருவி நம்மை மறக்காது.

விபிஎஸ்ஸில் ஒரு என்ஜின்எக்ஸ் வைத்து, வருவதைச் சுரங்கம் வழியாக வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கி, பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் அதன் ஏ ரெக்கார்டில் விபிஎஸ் முகவரியைப் போட்டு, செர்ட்பாட் என்ற கருவி மூலம் எச்டிடிபிஎஸ்-க்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசமாகப் பெறுங்கள். அதற்கு ஆயுள் குறைவுதான், செர்ட்பாட் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

இப்போது லேப்டாப்பில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், "டெயில்", கழித்தல் குறியோடு "எஃப்" போட்டு என்ஜின்எக்ஸ் லாகைத் திறந்து வையுங்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறி, உங்கள் டொமைனைத் தட்டுங்கள். செல்போன் கோபுரம் போய், விபிஎஸ் தொட்டு, சுரங்கத்தில் இறங்கி, டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டதற்கு அடையாளமாக லாகில் புதிதாக ஒரு வரி விழும். அந்த வரியில் 200 இருக்கிறதா என்று பாருங்கள்.